லட்டுவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன குடும்பம்

வயசுக்கு வந்த பெண் பிள்ளையோ பெண் நாயோ, எது வீட்டில் இருந்தாலும் எங்கள் வடசென்னை விம்கோ நகரில் உங்களை நிம்மதியாகப் பால் பாக்கெட் வாங்கக்கூட விடமாட்டார்கள். "இன்னா, இன்னும் ஒண்ணும் பாக்கலியா?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்தான். "விசேஷம் உண்டா?" என்று என்னைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் எங்கள் நாய் லட்டுவைப் பற்றியே கேட்டார்கள். (அந்த வகையில் அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.)

லட்டு பிஸ்கட் நிற லேப்ரடார். அவளை வாங்கிய விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பகீரென்கிறது. என் கணவர் சேகர் போனில் ஒரு படம் பார்த்தார். பச்சைப் புல்தரையில் கொழுகொழுவென்று ஒரு தாய் நாய், அதைச் சுற்றிக் குட்டிகள். விற்பவன் பெயர் 'பப்பி' பாபு. திருவொற்றியூர் தேரடிக்குப் பைக்கில் வந்தான், துணிக்கடைக் கட்டைப்பையிலிருந்து குட்டியை எடுத்து நீட்டினான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் போய்விட்டான். கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான். அன்றைக்கு ஒரு கேள்வி கேட்கவில்லை. அலையாமல் கைக்கே வந்துவிட்டது என்று பெருமைப்பட்டோம்.

என் மாமியார் கற்பகத்துக்கு லட்டு பேத்தி மாதிரி. மாதிரி என்ன, பேத்தியேதான். அவள் பெரியவளான அன்று மாமியார் புட்டு அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். சேகரின் நண்பர்கள் சும்மா இருப்பார்களா? லட்டுவுக்குக் கூலிங்கிளாஸ் போட்டு, கீழே தங்கள் மூஞ்சிகளை வரிசையாக வைத்து, 'பூப்புனித நீராட்டு விழா, வருக வருக' என்று ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் வராமலேயே திரும்பிப் போனார்.

பக்கத்து வீட்டு வசந்தாக்கா வந்து அடித்துச் சொன்னார். "மொத தபாவே குட்டி போட வச்சுடணும் கலா. இல்லாங்காட்டி கர்ப்பப்பை கெட்டுப் பூடும்." அந்த அக்கா வீட்டில் அதுவரை ஒரு மீன் தொட்டிகூட இருந்ததில்லை. ஆனாலும் நம்பினோம். செய்தி பரவியது. நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டின் சூப்பர்வைசர் ஒரு கறுப்பு ஆண் குட்டி கேட்டார். எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும் போடுவதாக இருந்தால் தாராளமாகத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். லட்டுவின் வயிற்றில் ஒன்றுமே இல்லாதபோது ஒன்பது குட்டிக்கு ஆள் இருந்தது.

மாப்பிள்ளையை நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பிடித்தோம். ராயபுரத்தில் பிலோமினா டீச்சர் வீட்டு டைசன். டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். "மொதல்ல நாயைக் கூட்டினு வாங்க, பாக்கலாம்" என்று போனில் சொன்னார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் தட்டோடுதான் போவோம். மாமியார் அதற்கு முன்பே ஜோசியரிடம் போயிருந்தார். பிறந்த தேதி தெரியாததால் கட்டைப்பையிலிருந்து வெளியே வந்த தேதியைக் கொடுத்து ஜாதகம் கணித்தாயிற்று. நாய் என்று சொல்லவில்லை. "பொண்ணு நல்ல நெறம், சாப்பாடுதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். புகுந்த வீட்டில் அடங்கி நடப்பாள் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குட்டியானை லோடு வண்டி பிடித்து, பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கிளம்பினோம். நானும் மாமியாரும் பட்டுப்புடவை. சேகர் வெள்ளை வேட்டி. லட்டுவின் கழுத்தில் மல்லிகைப்பூ. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மாப்பிள்ளைக்கு ஒரு புது டர்க்கி டவல்.

டீச்சர் கேட்டைத் திறந்தார். எங்களை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண மண்டபம் அடுத்த தெருங்க" என்றார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்ல! இருந்தாலும் உட்கார வைத்தார். டைசன் வந்து தட்டை மோந்து பார்த்துவிட்டு ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு தின்றான். "பாத்தியா, தட்டு மாத்தியாச்சு" என்று மாமியார் என் காதில் சொன்னார்.

"வயசு இன்னா?" என்று டீச்சர் ஆரம்பித்தார்.

"பதினோரு மாசம்" என்றார் சேகர், நெஞ்சை நிமிர்த்தி.

"ஐயோ, அது கொயந்தைங்க! கொயந்தைக்குக் கொயந்தையா? ரெண்டு வயசாவது முடிய வேணாமா? எலும்பே இன்னும் கெட்டிப்படலியே!"

டீச்சர் நிறுத்தவில்லை. "இடுப்புக்கு எக்ஸ்ரே எட்த்தீங்களா?"

"அடி கிடி ஒண்ணும் படலியே டீச்சர்" என்றேன்.

"அடிபட்டாத்தானா? சேர்க்கறதுக்கு முந்தி ரெண்டு நாய்க்கும் இடுப்பு, கண்ணு எல்லாம் பாக்கணும். ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு நோய் தொத்தாம இருக்க ரத்தம் பாக்கணும். டைசனுக்கு எல்லாம் பாத்து வச்சிருக்கேன். ஒங்க கிட்ட இன்னா கீது?"

மாமியார் கம்பீரமாக ஜாதகத்தை நீட்டினார். டீச்சர் வாங்கினார், முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். "இதுல இடுப்பு எங்க கீது?" என்றார்.

"ஐயே! மாப்ள வூடுன்னா இவ்ளோ கிராக்கியா?" மாமியாருக்கு ஏறிவிட்டது. "ஒங்க புள்ள இன்னா கலெக்டர் உத்தியோகமா பாக்குது?"

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு பயமாக இருந்தது. பிறக்கிற குட்டி எந்தெந்த வீட்டுக்குப் போகும், அவர்களால் வளர்க்க முடியாமல் போனால் திருப்பி வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டார். நான் சூப்பர்வைசரை நினைத்துக்கொண்டு தட்டிலிருந்த வெற்றிலையை அடுக்கினேன். அப்புறம் லட்டுவை ஹாலில் நடக்க விடச் சொன்னார்.

இதிலாவது ஜெயிக்கலாம் என்று எனக்கு உற்சாகம் வந்தது. லட்டுவின் நடை எங்கள் தெருவில் பிரசித்தம். இடுப்பை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு வெட்டி நடப்பாள். படியில் ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி தாவுவாள். அதை வீடியோ எடுத்துப் பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன். "எப்டி ஒய்யாரமா நடக்குறா பாருங்க டீச்சர்!" என்றேன்.

டீச்சர் தரையில் மண்டியிட்டு லட்டுவின் பின்பக்கத்தை மெல்லத் தொட்டார். லட்டு சட்டென்று நகர்ந்து என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"ஒய்யாரம் இல்லம்மா. வலிக்குது அதுக்கு."

வலியில் நடந்த நடைக்கா நான் பாட்டுப் போட்டேன்?

"டாக்டராண்ட காட்டுங்க. நான் நெனைக்கிறது சரின்னா, இந்த இடுப்போட இத்த குட்டி சுமக்க வச்சா அப்பால எயுந்து நிக்கவே முடியாம பூடும். பொறக்கற குட்டிக்கும் இதே இடுப்பு வரும். இவ அப்பா அம்மாவுக்கு இப்டி இருந்துதான்னு மொதல்ல கேளுங்க."

சேகர் பாபுவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். லட்டுவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், அவள் அப்பா அம்மா யார் என்று தெரிய வேண்டும் என்றார். பாபு குஷியாகிவிட்டான்.

"மாப்ளக்கி ஏன் நைனா வெளிய அலையுற? அவ அப்பன் நம்ம கைலதான் கீறான். இட்டாந்து வுடு, நான் சேத்து வுடுறேன். அவ அம்மாக்கும் அவன்தானே அப்பன்! ஒரே ரத்தம், கலப்படமே கெடியாது."

என் கையிலிருந்த தட்டு சாய்ந்து வெற்றிலையெல்லாம் தரையில் கொட்டியது. பெற்ற அப்பனுக்கே மகளைக் கொண்டுவரச் சொல்கிறான், அதுவும் தள்ளுபடி விற்பனைக்குக் கூப்பிடுகிற குரலில்!

அத்தை மகன், மாமன் மகள் என்று முறை பார்த்தே வாழ்நாளைக் கழித்தவர் என் மாமியார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "இர்றா சேகரு. அம்மாக்காரிக்கும் அவன்தான் அப்பன், லட்டுவுக்கும் அவன்தான் அப்பன். அப்ப அம்மாக்காரி லட்டுவுக்கு அம்மாவா, அக்காவா?"

சேகர் விரல் மடக்கிப் பார்த்தார். "ரெண்டும்தாம்மா."

"அப்பங்காரன்?"

"அப்பாவும் அவன்தான், தாத்தாவும் அவன்தான்."

"இப்ப இவளுக்கும் குட்டி பொறந்தா, அதுக்கு அவன் இன்னா மொற?"

சேகர் விரலை மடக்குவதை நிறுத்திவிட்டார். கணக்கு டீச்சரும் உதவிக்கு வரவில்லை.

"கெளம்பு" என்று மாமியார் எழுந்தார். "பொண்ணோட அம்மாவ நான் இப்பவே பாக்கணும்."

டீச்சரும் எங்களோடு வண்டியில் ஏறினார். கொடுங்கையூரில் பாபுவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நுழையும் முன்பே மூத்திர நாற்றம் மூக்கில் அடித்தது. படத்தில் பார்த்த புல்தரை எங்கே என்று சேகர் கேட்டார். பாபு கூச்சமே இல்லாமல் சுவரில் தொங்கிய ஒரு பெரிய பேனரைக் காட்டினான். கொழுகொழு தாயும் அதிலேயே அச்சாகியிருந்தது.

உண்மையான தாய் ஒரு கம்பிப் பெட்டிக்குள் இருந்தாள். முழுசாக எழுந்து நிற்க உயரம் போதாத பெட்டி. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. முலைக்காம்புகள் தரையைத் தொட்டுத் தொங்கின, குடிக்கத்தான் குட்டி ஒன்றும் இல்லை. லட்டுவின் அதே மூக்கு, அதே தேன் நிறக் கண். எங்களைப் பார்த்து எழ முயன்றாள், பின்பக்கம் வராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கு மேல் கோபம் வந்தது. கட்டைப்பைக் குட்டியை வாங்கிக்கொண்டு பெருமைப்பட்ட என்மேலும் வந்தது.

"சீசன் தவறாம போடும்மா, சோக்கான நாயி" என்றான் பாபு.

"டேய் பேமானி!" மாமியாரின் குரல் எண்ணூர் வரை கேட்டிருக்கும். "எயுந்து நிக்க எடம் இல்லாம அடைச்சு வச்சு, அப்பன்கிட்டயே வுட்டு, வருசம் பூரா பெத்துக்கினே இருன்னா, அது உசுரா இன்னா, உன் வூட்டு மிசினா?" பட்டுப்புடவையோடு ஒரு அம்மா கத்துவதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது.

பாபு பயந்துபோய்க் கதவைச் சாத்தப் பார்த்தான். "கத்தாத ஆயா! அடுத்த தபா தாங்காதுன்னு டாக்டரே சொல்லிக்கீறாரு. இத்த நானே ரோட்ல வுடத்தான் இருந்தேன். வோணும்னா தூக்கினு போ."

மாமியார், மாப்பிள்ளைக்கு வைத்திருந்த டர்க்கி டவலை உதறி, அந்த நாயைச் சுற்றி, வண்டியில் ஏறி உட்கார்ந்த சேகரின் வெள்ளை வேட்டிமேல் தூக்கி வைத்தார். டீச்சர் மறுநாளே புகார் கொடுத்து, விலங்கு நல ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து மற்ற நாய்களையும் மீட்டுவிட்டார்.

லட்டுவின் எக்ஸ்ரே டீச்சர் சொன்னதையே சொன்னது. வலிக்கு மாத்திரை, எடை குறைக்கச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் கருத்தடை. புட்டுக்குத் தடை. ஒன்பது பேரிடமும் குட்டி கிடையாது என்று சொன்னேன். வசந்தாக்கா பேச்சை நிறுத்தினார், சூப்பர்வைசர் நைட் ஷிஃப்ட் போட்டார்.

தாய் நாய்க்கு மாமியார் ராணி என்று பெயர் வைத்தார். வராண்டா முழுக்க விட்டும் ராணி அந்தப் பெட்டி அளவு இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் படுத்தாள். மாமியார் தினமும் சோற்றுத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்து, எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் ராணி தத்தித் தத்தி வாசல் வரை வந்து வெயிலில் படுத்தாள். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லட்டு எனக்குப் பேத்தி. அவ அம்மான்னா, இவ எனக்குப் பொண்ணு" என்று முறையைத் தீர்த்துவைத்தார்.

அதிலிருந்து யார் வந்தாலும் "எனக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு" என்றுதான் சொல்கிறார். நாத்தனார் இல்லாத வீடாகத் தேடித் தேடி என் அப்பா என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். நாய்க்கு மாப்பிள்ளை பார்க்கப் போய் நாத்தனாரோடு திரும்பியவள் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் பாக்கியில்லாமல் என்னைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

ராணிக்கு இப்போது கண் மங்கிவிட்டது. சோபாவில் என் இடத்தில்தான் படுப்பாள். வேலை முடிந்து களைத்து வந்து, "கொஞ்சம் தள்ளிப் படேன்" என்று நான் சொன்னால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"பொறந்த வூட்ல ஒரு பொண்ணு செத்த நேரம் படுக்கக் கூடாதா? எயுப்பாதடி அவள!"