சமையலறைக்குக் கீழே பெட்ரோல்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தி அம்மாவுக்கும், உங்கள் மருமகளின் தகப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவியும் நலம். நிலம்தான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும், நீங்கள் ஜலதோஷம் என்று நினைத்து மாத்திரை பெயர் சொல்வீர்கள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் மனையை வாங்கி, நம் பிள்ளைகளுக்கு அதில் வீடு கட்டித் தருவேன் என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று நான் சபதம் போட்டது நினைவிருக்கும். "கல்யாணம் ஆனதிலேருந்து பொண்ணு உங்ககூடவே இருக்கா, இனிமே கொஞ்சம் எங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். நீங்கள் பெருந்தன்மையாக ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எல்லாம் கூடிவந்த நேரத்தில் நகராட்சியில் ஒரு முட்டுக்கட்டை போட்டார்கள். பங்க் இருந்த இடத்தில் வீடு கட்டுவதென்றால் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துச் சான்று வாங்க வேண்டுமாம். நான் சிரித்தேன். பங்க் மூடி எவ்வளவு காலமாயிற்று, இன்னுமா அங்கே பெட்ரோல் இருக்கும்? இருந்தால் நம் ஜனங்கள் விட்டு வைத்திருப்பார்களா?

ஆய்வுக்கு ஒரு பெண் பொறியாளர் வருவதாகத் தகவல் வந்தது. விருந்தாளி வருகிற இடத்தைக் கழுவி வைப்பதுதானே மரியாதை? முதல் நாளே நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சிமெண்ட் தளம் முழுக்க ஃபினாயில் ஊற்றித் தேய்த்து வைத்தேன். மறுநாள் அந்த அம்மா, பெட்ரோல் ஆவியைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை எடுத்து நீட்டினாரோ இல்லையோ, அது பசியெடுத்த குழந்தை மாதிரி வீறிட்டுக் கத்த ஆரம்பித்தது. எங்கே நீட்டினாலும் கத்தல். "யாரு சார் இங்க ஃபினாயில் ஊத்தினது?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். என் மனைவி எதிரே எங்கள் வீட்டு மாடியிலிருந்து, "இவர்தாம்மா! வீட்டுல ஒரு நாள் தரை துடைச்சதில்ல!" என்று சாட்சி சொல்லிவிட்டாள். ஃபினாயில் வாடைக்கும் அந்தக் கருவி கத்துமாம், அன்றைய வேலை அத்தோடு சரி.

அடுத்த முறை துளை போடும் இயந்திரத்தோடு வந்தார்கள். நான் அதற்குள் சுண்ணாம்புத் தூளால் தரையில் வீட்டையே வரைந்து வைத்திருந்தேன். இது கூடம், இது படுக்கையறை, இது கொல்லைப் பக்கம் சமையலறை, அதை ஒட்டி ஒரு ஆழ்துளைக் கிணறு. பொறியாளரும் நல்ல மனுஷி, என் கோடுகளை வைத்தே பேச ஆரம்பித்துவிட்டார். இயந்திரம் கூடத்தில் இறங்கியது. வெளியே வந்த மண்ணை நீளத் தட்டில் கிடத்திப் பார்த்து, "கூடம் சுத்தமா இருக்கு சார்" என்றார். எனக்கு அங்கேயே பால் காய்ச்சிவிட்ட சந்தோஷம். படுக்கையறைக்கு உதட்டைப் பிதுக்கினார். சமையலறையில் இறக்கினார்கள் பாருங்கள், மண் கறுத்துப்போய், தெருமுனை வரைக்கும் பெட்ரோல் நாற்றம். பூமிக்கடியில் புதைத்த தொட்டியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள், அடி இற்றுப்போய் உள்ளே இருந்ததெல்லாம் கசிந்து, நிலத்தடி நீரின் மேல் மிதந்து, மனையின் தாழ்ந்த பக்கமாகப் பரவியிருக்கிறதாம். தாழ்ந்த பக்கம் பார்த்துத்தான் நான் சமையலறை வைத்திருந்தேன். "அப்போ சமையலறைய முன்பக்கம் கொண்டுவந்துடலாமா?" என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையை எழுத முடியாது.

பிறகு அங்கே குழாய் இறக்கித் தண்ணீர் எடுத்து, சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் தளும்பத் தளும்ப ஊற்றி மூடினார்கள். வண்டியில் போகும்போது சிந்துமே என்று எனக்கு அக்கறை. அவர்கள் டீ குடிக்கப் போன சமயம், ஒவ்வொன்றையும் திறந்து கொஞ்சம் கொஞ்சம் கீழே கொட்டி, இறுக மூடி வைத்தேன். திரும்பி வந்த பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், காத்துக்குன்னு இடம் விட்டா பெட்ரோல் ஆவி தண்ணிய விட்டு மேல வந்துடும். மூடியத் திறந்தா அது போயிடும். சோதனையே தப்பாயிடும்." நான் வாய் தவறி, "தப்பானா நமக்கு நல்லதுதானேம்மா?" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க பொண்ணு குடிக்கப்போற தண்ணி சார்" என்றார். அதற்குப் பிறகு நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுபடி தண்ணீர் எடுத்தார்கள், முடிவும் வந்துவிட்டது. மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும், நீரை இறைத்து இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும், அதுவரை அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. எப்போது முடியும் என்றேன். "அவசரப்பட்டா ஆகாது சார், வருஷக்கணக்குல ஆகும்" என்றார். எங்கள் வயதுக்கு வருஷக்கணக்கு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது சம்பந்தி. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரில் அவள் துணி உலர்த்திக்கொண்டு நிற்பாள் என்று தினமும் நினைத்தே பழகிவிட்டேன். உங்கள் வீட்டு வெளிச்சத்தை அணைத்து என் வீட்டில் விளக்கேற்றப் பார்த்ததற்கு மன்னிக்கவும். ஒரே ஒரு உதவி. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மனக்கோட்டை கட்டியிருப்பாள், இடிந்து போவாள். அவள் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லவும்.

மாப்பிள்ளைக்கும் என் பெண்ணுக்கும் எங்கள் ஆசிகள். எந்த ஊரில் இருந்தாலும் நல்ல தண்ணீர் குடித்து நீடூழி வாழட்டும். உங்கள் இருவருக்கும் வணக்கங்கள்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அவளே தொலைபேசியில் கூப்பிட்டாள். என் மனைவி முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நான் வாங்கிப் பேசினேன். "அப்படியா அப்பா" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். அது துக்கத்தில் விட்ட மூச்சு இல்லை சம்பந்தி, அவளை வளர்த்தவனுக்குத் தெரியாதா? மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை உறுதியாகி நாளாயிற்றாமே. உங்களுக்கும் தெரியுமாம், என் மனைவிக்கும் தெரியுமாம். "நீங்க அவ்ளோ ஆசையா கோடு போட்டுட்டு இருந்தீங்க, எப்படிப்பா சொல்றது?" என்றாள். வருத்தமா என்று வேறு கேட்டாள். "சேச்சே, எனக்கும் பெரிய பாரம் இறங்கிடுச்சும்மா" என்று சிரித்துவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். ஆகவே மேலே எழுதிய எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். கடிதம் வந்ததாகவே காட்டிக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போடத்தான் எடுத்தேன், யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.