டாக்டர் அறைத் தாழ்ப்பாள்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் உன் மனைவி மக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி நலமாக இருப்பதோடு நிறுத்திக்கொண்டு, என் வீட்டுப் பெண்ணுக்கு வேலை தேடிக் கொடுக்கிற பொதுச்சேவையை இன்றோடு விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். என் மகள் எங்கேயும் வரமாட்டாள். உன் ஆஸ்பத்திரியில் அவளுக்காகப் பேசி வைத்திருக்கிற இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவன் சொல்கிறேன், 'நில்' என்றால் நில்தான்.

விஷயம் எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரிய வேண்டும். போன மாதம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, நான் மாமா ஊருக்கே வேலைக்குப் போறேன்" என்றாள். நான் கோபப்படவில்லை. காரணம் கேட்டேன். "ஒண்ணா ரெண்டா, எதைச் சொல்ல?" என்றாள். "முதல்ல ஒண்ணைச் சொல்லு" என்றேன். "உட்கார நாற்காலி இல்லப்பா" என்றாள். அவ்வளவுதானே, காரணத்தை ஒவ்வொன்றாகத் தீர்த்துவிட்டால் அவள் எதைச் சொல்லிப் போவாள் என்று எனக்குத் தோன்றியது. "நாற்காலிக்காகவா ஒருத்தி கடல் தாண்டுவா? அவ உங்களைக் கிண்டல் பண்றா" என்றாள் உன் அக்கா. உன் அக்காவுக்கு எப்போதும் அவநம்பிக்கைதான். மறுநாள் காலையிலேயே வீட்டு நாற்காலி ஒன்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் டாக்டராக இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அதில் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. முதலில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை உட்கார வைத்தாள், அப்புறம் கால் உடைந்த ஒரு கொத்தனாரை, அப்புறம் அந்தக் கொத்தனாரின் மாமியாரை. சாயங்காலம் நாற்காலி எந்த வார்டில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

நாற்காலி போனால் போகட்டும், அன்றைக்கு நான் பார்த்தது வேறு. டாக்டர் அறை வாசலில் வரிசை என்று ஒன்று கிடையாது, கூட்டம்தான். என் மகளைச் சுற்றி நாலு பக்கமும் சீட்டு நீட்டுகிறார்கள். மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று அவள் சொன்னால், மருந்தை அவள்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனதுபோல் கத்துகிறார்கள். என் ரத்தம் கொதித்தது. பழைய விசில் இன்னும் என்னிடம் இருக்கிறது, உனக்குத் தெரியும். மறுநாள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். ஒரு ஊது ஊதினேன். 'உயர வரிசையில் நில்' என்று சொல்லவில்லையே தவிர, மற்ற எல்லாம் சொன்னேன். ஒரு வாரத்தில் அந்த வராந்தாவே அணிவகுப்பு மைதானம் மாதிரி ஆகிவிட்டது. தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. அதன் பலன் என்ன தெரியுமா? 'அங்க வரிசை ஒழுங்கா நகருது' என்று செய்தி பரவி, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களும் பஸ் ஏறி இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மணிக்கு முடிந்துகொண்டிருந்த வேலை இருட்டின பிறகும் முடியவில்லை. "அப்பா, தயவு செஞ்சு எனக்கு உதவி பண்ணாதீங்க" என்றாள் மகள். நன்றியைச் சிலர் அப்படித்தான் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையான காரணத்தை அவள் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கிற நெட்டை சொன்னாள். நெட்டை என்றால் அவள் தோழி, அவளும் டாக்டர், நிலைப்படியில் குனிந்துதான் வருவாள். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, "ஒரு நாள் பூரா டியூட்டி பார்த்தாலும் பரவால்ல அங்கிள், நடுவுல ஒரு மணி நேரம் நிம்மதியா படுக்க முடியல" என்றாள். டாக்டர்கள் படுக்கிற அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம். "ஒருத்தி கட்டில்ல படுத்தா இன்னொருத்தி கதவுல முதுகைச் சாய்ச்சு தரையில உட்கார்ந்துக்குவோம். அப்புறம் மாத்திக்குவோம்" என்றாள், ஏதோ பந்து விளையாட்டில் முறை மாற்றுவது போல. ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவை குடிச்சிட்டு ஒரு ஆளு உள்ள வந்துட்டான் அங்கிள். உங்க பொண்ணு தனியா படுத்திருந்தா. அவ கத்தினதுல ஓடிட்டான். எழுதிக் கொடுத்தோம். ஜாக்கிரதையா இருங்கம்மான்னு பதில் வந்துச்சு."

மச்சான், பாதி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டேன். என் மகள் இதை வீட்டில் சொல்லவே இல்லை. நாற்காலி இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கே கடைக்குப் போய் இருப்பதிலேயே கனமான தாழ்ப்பாளாகப் பார்த்து வாங்கி, நானே திருப்புளியோடு போய் மாட்டினேன். நாலு திருகாணி. அசைத்துப் பார்த்தேன், யானை இழுத்தாலும் வராது. ஒரு சின்னத் தவறுதான் நடந்தது. வெளிப்பக்கம் மாட்டிவிட்டேன். நீ சிரிக்காதே. ஆயுசு முழுக்க நான் தாழ்ப்பாள் மாட்டியதெல்லாம் விளையாட்டுச் சாமான் அறைக்குத்தான். பந்துகள் உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு தூங்குவதில்லை. கை தன் பழக்கப்படி செய்துவிட்டது.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரித் தலைவரான பெரிய டாக்டர், என் விசில் தொல்லை தாங்காமல், என் மகளைத் தனியாகக் கண்டிப்பதற்காக அதே அறைக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அந்த வழியாக வந்த துப்புரவுப் பெண், புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று சும்மா கிடப்பதைப் பார்த்து, பொறுப்பாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே கதவைத் தட்டியிருக்கிறார்கள். வெளியே நான் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். மகள் எனக்குப் போன் செய்திருக்கிறாள். விசில் வாயில் இருக்கும்போது நான் போன் எடுப்பதில்லை, அது ஒழுக்கம். வேறு யாருக்கும் போன் செய்யக்கூடாது, மானம் போய்விடும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆகவே அந்த மனிதர், ஓடாத காற்றாடிக்குக் கீழே, ஒரு காலுக்குச் செங்கல் வைத்த கட்டிலில், மதியம்வரை உட்கார்ந்திருந்தார். அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவரிடம் சொல்ல என் மகளுக்கு நேரமும் கிடைத்தது. நெட்டை வந்து திறந்தபோது அவர் சட்டை பிழிந்து காயப்போடும் நிலையில் இருந்தது. என்னைக் கடித்துக் குதறுவார் என்று அட்டென்ஷனில் நின்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், அந்தத் தாழ்ப்பாளை உள்பக்கம் மாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மாற்றினேன். அன்றைக்கு என் மகளும் நெட்டையும் ஒரே நேரத்தில் தூங்கினார்கள். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, நெட்டை வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு, அவ கிளம்புறா. நான் இன்னும் ஒரு வருஷம் இருந்து பார்க்கிறேன்" என்றாள். உன் அக்கா அழுதாள். நான் அழவில்லை, தோட்டத்துப் பக்கம் போய் வந்தேன்.

ஆகவே, நீ உன் வேலையைப் பார். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தினமும் முழங்கால் மடங்காமல் குனிந்து கட்டைவிரலைத் தொடச் சொல். உன் மனைவிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
முடிவை மாற்றாத உன் அக்காள் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டடப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து கதவைப் பார்த்தார். வெளியே நாலு, உள்ளே நாலு, அனுமதியில்லாமல் அரசாங்கக் கதவில் மொத்தம் எட்டு ஓட்டை, உடனே கழற்ற வேண்டும் என்று உத்தரவு. அதில் பெரிய டாக்டரின் கையெழுத்தே இருந்தது. அவரிடம் ஓடினேன். "வாயால சொன்னது வேற, காகிதத்துல வர்றது வேற சார். புதுசு கேட்டு எழுதியிருக்கேன். நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள வந்தா பார்ப்போம்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாட்டிய கையாலேயே கழற்றினேன். மகள் பக்கத்தில் நின்று திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். "கோபமாம்மா?" என்றேன். "இல்லப்பா. நெட்டையும் போயிட்டா. இன்னிக்குக் கதவுல சாய யாரு இருக்கான்னு யோசிச்சேன்" என்றாள்.

அந்த இடத்தை யாருக்கும் கொடுத்துவிடச் சொல்லாதே, மச்சான். அவள் வருவாள், நானே அனுப்பி வைக்கிறேன். ஆனால் அங்கே அவள் படுக்கப்போகும் அறையை நீ நேரில் போய்ப் பார். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறதா என்று உன் கையாலேயே இழுத்துப் பார்த்து எழுது. இல்லாவிட்டாலும் சொல். இங்கே கழற்றியது ஒன்று சும்மாதான் கிடக்கிறது, அவள் பெட்டியில் வைத்து விடுகிறேன்.