மச்சான் பண்ணைக்கு மேலே போகும் வான்வழி

நாமக்கல்,
சித்திரை 19.

மரியாதைக்குரிய மச்சான் தங்கமுத்து அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை அமுதவல்லியைக் கட்டிய தனசேகர் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், அமுதா, கல்யாணப் பெண் அறிவுமதி மூவரும் உடம்பளவில் சுகம். அங்கே தங்கள் சுகத்தையும், சென்னியம்மாள் அக்காவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதையும், பண்ணையில் உள்ள இருபதாயிரம் கோழிகளின் மனநிலையையும் அறிய ஆவலாக இருக்கிறேன். போனிலேயே கேட்டிருப்பேன். என் நம்பரைத் தாங்கள் முடக்கி வைத்திருப்பதால் பல வருஷத்துக்கு அப்புறம் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "முதியோர் பென்சன் மனுவுங்களா?" என்று கேட்டது. ஆமாம் சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வைகாசி பதினாறு அறிவுமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருக்கிற குடும்பம் என்பது தங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததே தாங்கள்தான். போன வெள்ளிக்கிழமை நானும் அமுதாவும் பத்திரிகையும் தாம்பாளமுமாகப் பரமத்தி வேலூர் வந்து தங்கள் வாசலில் நின்றோம். கேட்டைத் திறக்காமல் உள்ளே இருந்தே "யாரது?" என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷமாக உங்கள் வீட்டு மாப்பிள்ளையாக இருக்கிறவனைப் பார்த்து யாரதுங்கிறீங்களே, இது நியாயமுங்களா? அமுதா, "அண்ணா, நாந்தானுங்க" என்றதும் கம்பிச் சந்தில் கையை விட்டுத் தாம்பாளத்திலிருந்து ஒரு வெத்தலையை மட்டும் எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். "இது போன வாரம் கிள்ளுன வெத்தலை. இதைக் கொண்டாந்து தாய்மாமனை அழைக்கிற தைரியம் மிலிட்டரிக்காரனுக்குத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்த வெத்தலை உங்கள் ஊர்ச் சந்தையில் அன்றைக்குக் காலையில் வாங்கியது, மச்சான். பஸ்ஸில் திரும்பி வரும்போது அமுதா நாமக்கல் வரைக்கும் தாம்பாளத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணச் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரரோ, "மாமன் வந்து புள்ளைக்குப் பட்டம் கட்டாம நான் மணவறைப் பக்கமே வரமாட்டனுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பத்திரிகையில் தாய்மாமன் என்று தங்கள் பெயர் தடித்த எழுத்தில் அச்சாகி இருக்கிறது. சம்பந்தி வீட்டில் இரண்டு முறை விசாரித்துவிட்டார்கள். ஆக, தாங்கள் வந்தால் கல்யாணம், வராவிட்டால் மண்டபத்தில் வெறும் சாப்பாடு.

தாங்கள் என்னை மிலிட்டரிக்காரன் என்று சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிலிட்டரிக்காரர்கள் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. இருபத்தொன்பது வருஷம் விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து, ஏறுகிற விமானத்தையும் இறங்குகிற விமானத்தையும் முட்டாமல் பார்த்துக்கொண்டு, ரிட்டயர்மெண்ட் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு சும்மா இருந்திருக்கலாம். விதி விடவில்லை. கரட்டுக் குன்றுக்கு அந்தப்பக்கம் புறம்போக்கில் ராணுவ ட்ரோன்களைப் பறக்கவிட்டுச் சோதிக்கிற மைதானம் வந்தது. வான்வெளியை முறை வைத்துக் கொடுக்க ஒரு சிவிலியன் நிபுணர் தேவை என்றார்கள். எந்த நேரம், எந்த உயரம், எந்த வழி என்று எழுதிக் கொடுத்து, அந்த நேரத்தில் வேறு எதுவும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பது போலத்தான், என்ன, இங்கே தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. நிபுணர் என்ற சொல்லில் மயங்கிப் போனேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, அங்கே நாய்க்குக்கூட ஒரு ரேங்க் இருக்கிறது, எனக்கு இல்லை. ட்ரோன் நல்லபடியாக இறங்கினால் "நம்ம யூனிட்" என்று கை குலுக்கிக்கொள்கிறார்கள். எங்கேயாவது சோளக்காட்டில் போய் விழுந்துவிட்டால், "அந்த சிவிலியன் எங்கே?" என்று தேடுகிறார்கள். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்கு அடையாள அட்டை மாட்டிவிட்டால் அது நான்தான்.

சரி, வானம் காலியாகத்தானே இருக்கிறது, இதில் என்ன வேலை என்று தாங்கள் ஒருமுறை கேட்டீர்கள். காலியாகவா இருக்கிறது? காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் கரும்புக்கு ட்ரோனில் மருந்தடிக்கிற செந்தமிழனுக்குப் போன் போட வேண்டும். "தம்பி, இன்னிக்கு மருந்தடிக்கிறயா?" என்றால், "நீங்க சொல்லுங்ணா, உங்காளுங்க அடிக்கிறாங்களா?" என்று திருப்பிக் கேட்பான். அப்புறம் மில் முதலாளி ஒருவர் ஹெலிகாப்டரில் குலதெய்வம் கும்பிட வருகிறார், அவர் எப்போது கிளம்புவார் என்று அவர் சமையல்காரரிடம் விசாரிக்க வேண்டும். முகூர்த்த நாள் என்றால் போச்சு. சேலத்துத் தௌசீப்பிலிருந்து எடப்பாடி ஸ்டுடியோக்காரர் வரைக்கும் மாப்பிள்ளை அழைப்பை மேலே இருந்து படம் பிடிக்கிறோம் என்று ஆளுக்கொரு ட்ரோனை ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கெஞ்சி இறக்க வேண்டும். மழை வராவிட்டால் ஊர்க்காரர்கள், "உங்க பொட்டிதான் மேகத்தைக் கலைக்குது" என்று டீக்கடையில் என்னைச் சுற்றிக்கொள்கிறார்கள். பெய்துவிட்டால் மைதானத்துக்குப் பொறுப்பான மேஜர், "வானிலையை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை?" என்று கேட்கிறார். மத்தளத்துக்குக்கூட இரண்டு பக்கம்தான் இடி, மச்சான்.

மாசியில் நடந்ததைக் கேளுங்கள். மாரியம்மன் பண்டிகைக்கு அந்தி ஏழு மணிக்கு வாணவேடிக்கை. அதே ஏழு மணிக்கு வடக்கிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து ட்ரோனைப் பார்க்கிறார். வேடிக்கையை அரைமணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கோயில் கமிட்டித் தலைவர் பொன்னனிடம் போய் நின்றேன். அவர் மேல்துண்டை உதறிக்கொண்டு, "இதுல நான் சொல்றதுக்கு என்னங்க இருக்குது? அவகிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்" என்று அம்மனிடம் பூக்கேட்க ஏற்பாடு செய்துவிட்டார். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். நான் சட்டையைக் கழற்றிவிட்டு, இடுப்பில் அடையாள அட்டையோடு கண்ணை மூடி நின்றேன். சிவப்பு வந்தது. இன்னொரு தரம் கேட்கலாமா என்றேன். பூசாரி என்னைப் பார்த்த பார்வையில் அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். ஆபீசுக்குப் போய் அனுமதிப் பாரத்தில், "உள்ளூர் அதிகாரத் தரப்பு மறுப்பு" என்று எழுதினேன். மேஜர் விடுவாரா? எந்த அதிகாரி, என்ன பதவி என்று குடைந்தார். மாரியம்மன் என்றேன். எழுத்துப்பூர்வமாக வாங்கி வா என்றார். பொன்னன் கொஞ்சமும் யோசிக்காமல் கமிட்டி லெட்டர்பேடில், "அம்மன் உத்தரவுப்படி" என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். அது கோப்பில் ஏறிவிட்டது. இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் மேஜர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "மாரியம்மன் தரப்பில் வேறு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்கிறார். உண்மையில் அந்த ஆபீசில் என் சொல்லைவிட அவள் சொல்லுக்குத்தான் மதிப்பு.

இனித் தங்கள் கோழிகள். தை மாசத்திலிருந்து ட்ரோன் தங்கள் பண்ணைக்கு மேலே நானூறு அடியில் போய்வருகிறது, சத்தத்தில் கோழிகள் கூண்டுக்குள் அடித்துக்கொள்கின்றன, முட்டை குறைந்துவிட்டது, இடுகிற முட்டையும் ஓடில்லாத தோல்முட்டையாக இருக்கிறது என்பது தங்கள் குற்றச்சாட்டு. வெயில் என்று ஒன்று இருக்கிறதே மச்சான்! பங்குனி சித்திரையில் எந்தக் கோழி ஒழுங்காக முட்டை இட்டிருக்கிறது? இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் தாங்கள் ஒரு அட்டை முட்டையோடு எங்கள் மைதானத்துக் கேட்டுக்கு வந்துவிட்டீர்கள். வந்ததுதான் வந்தீர்கள், முட்டை என்று சொல்லியிருக்கலாம். "உங்க ஆபீசருக்கு ஒரு சாமான் கொண்டாந்திருக்கறேன், அவரு கையிலதான் கொடுப்பேன்" என்றால் துப்பாக்கி பிடித்தவன் என்ன நினைப்பான்? "சந்தேகத்துக்குரிய பொருள், எண்ணிக்கை முப்பது" என்று பதிவேட்டில் எழுதி, மணல் மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, மோப்ப நாயைக் கூட்டிவந்து, அந்த நாய் இரண்டு முட்டையைத் தின்றதும் எண்ணிக்கையை இருபத்தெட்டு என்று திருத்தினார்கள். அதுவரை தாங்கள் வெயிலில் நின்றீர்கள். நான் கம்பிக்கு இந்தப்பக்கம் நின்றேன். வெளியாளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட மேலே கேட்க வேண்டும் என்றான் காவலாளி. கேட்டேன். பதில் வரவில்லை. தாங்கள் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னீர்கள்: "இருக்கட்டும் உடுங்க மாப்ள." அன்றைக்குத் தாங்கள் என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. அறிவுமதி கல்யாணத்துக்கு ட்ரோன் கேமரா வேண்டும் என்கிறாள். மண்டபம் நான் மூடிவைக்கிற வான்வெளிக்குள் வருகிறது. முடியாது சாமி என்றேன். "ஊர்ல இருக்கற அத்தனை புள்ளைகளுக்கும் பறக்குதுங்கப்பா. பொறந்ததுல இருந்து வானம் வானம்னு பேசற அப்பனுக்குப் பொறந்த எனக்கு மட்டும் பறக்காதுங்களா?" என்று அழுதாள். கல்யாணத்துக்குப் படம் பிடிக்கப் பேசியிருந்த தௌசீப்பே அனுமதி கேட்டு மனு எழுதிவந்தான். அதை வாங்கிப் பதிவு செய்து, சொந்த மகள் கல்யாணத்துக்கு "அனுமதி மறுக்கப்படுகிறது" என்று நானே கையெழுத்துப் போட்டு, தௌசீப் கையில் கொடுத்தேன். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "பரவால்லீங்க சார், ஏணி போட்டு எடுத்துக்கறேன்" என்றான்.

ஆகையால் மச்சான், இதில் நான் குற்றவாளி இல்லை என்பதைத் தாங்கள் தயவுசெய்து உணர வேண்டும். அந்த வழியை வரைந்தது நான் அல்ல. எங்கேயோ மேலே, தங்களையும் தெரியாத, என்னையும் தெரியாத ஒரு கம்ப்யூட்டர் கோடு போடுகிறது, அது தங்கள் பண்ணை மேலே விழுந்துவிட்டது. கூலிக்கு வேலை செய்கிறவன் நான் என்ன செய்ய முடியும்? ஒரு இயந்திரம் போட்ட கோட்டுக்காகத் தாங்கள் தூக்கி வளர்த்த மருமகளின் நெற்றியில் பட்டம் கட்ட மாட்டேன் என்பது தங்கள் வயதுக்கு அழகா? கோபத்தைக் கோழிக்கூண்டில் வைத்துப் பூட்டிவிட்டு, முதல் நாள் மாலையே அக்காவையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். நான் வாசலிலேயே நிற்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பண்ணை ஆட்களுக்கு என் விசாரிப்பு. எல்லை காக்கிற தெய்வங்களெல்லாம் தங்கள் குடும்பத்தையும் தங்கள் கூரைக்கு மேலே உள்ளதையும் சேர்த்துக் காக்கட்டும்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
தனசேகர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் அமுதாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "கம்ப்யூட்டரு போட்டதுன்னா, அன்னிக்கு முட்டை அட்டையோட எங்கண்ணன் வந்து நின்னப்ப நீங்க ஏனுங்க தலையைக் குனிஞ்சீங்க?" என்று கேட்டாள். அவள் அங்கே இல்லை, நான்தான் வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தேன். அவளுக்குச் சொன்னதைத் தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மேலே இருந்து ஒரு கோடு வரவில்லை, மூன்று கோடு வந்தது. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு மேலே. ஒன்று ஒரு வக்கீலின் வாழைத்தோப்புக்கு மேலே. மூன்றாவது தங்கள் பண்ணை. ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம் வருமா என்று விசாரித்து எழுதி, ஒன்றைப் பரிந்துரைக்கிற வேலை என்னுடையது. ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன், கூடாது என்றார். வக்கீலிடம் கேட்டேன், கோர்ட்டுக்குப் போவேன் என்றார். மூன்றாவது பாரத்தில், "ஆட்சேபம் இல்லை. உரிமையாளர் நெருங்கிய உறவினர். நேரில் கேட்டறியப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரில் கேட்கவில்லை, மச்சான். போனிலும் கேட்கவில்லை. நம்ம மச்சான்தானே, என்ன சொல்லிவிடப்போகிறார் என்று இருந்துவிட்டேன். கேட்டிருந்தால், "அதுக்கென்னங்க மாப்ள, பறந்துட்டுப் போவுது" என்று சொல்லியிருப்பீர்கள்.