கிட்டமேட்டு உலையை இருளாயி கட்டிய வரலாறு

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் புதுக்கோட்டை மாவட்டம் கிட்டமேட்டைத் தவிர்த்துவிட்டு ஒரு வரிகூட எழுத முடியாது. இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் தவிர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். அது அவர்கள் தலையெழுத்து.

வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை அன்னவாசலைத் தாண்டி இந்த மேட்டுக்கு வந்து, இரும்பு உருக்கத் தென்னை உயரத்துக்கு ஓர் உலை கட்டினார். சுற்றியிருந்த காட்டை வெட்டிக் கரியாக்கி அதில் கொட்டினார். மூன்று தடவை இரும்பு வந்தது. நாலாவது தடவை கசடு மட்டும் வந்தது. அந்தக் கசடுக்குக் கிட்டம் என்று பெயர். ஊருக்கும் அதுவே பெயராகி நிலைத்தது. எரிக்கக் காடு தீர்ந்ததும், "உள்ளூர் ஆட்களின் சோம்பலால் தொழில் நொடித்தது" என்று அறிக்கை எழுதிவிட்டுத் துரை கப்பலேறினார். அப்படிச் சோம்பிக் கிடந்தவர்களில் ஒருவர், தலைச்சுமையாகக் கரி சுமந்தே கூன் விழுந்த இருளாயியின் பாட்டனுக்குப் பாட்டன்.

இருளாயி இன்றைக்கும் அந்த உலையின் முதுகில்தான் குடியிருக்கிறாள். வீட்டில் மூன்று சுவர் அவள் புருஷன் சின்னழகு உயிரோடு இருந்தபோது எழுப்பியது. நாலாவது சுவர் உலை. மழைக்கு ஊறாத சுவர் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷமாக, வருஷத்துக்கு ஒன்றாகப் பட்டா கேட்டு மனுப் போடுகிறாள். "மேற்படி இடத்தில் மேற்படி நபர் குடியிருப்பதாகப் பதிவேடுகளில் இல்லை" என்று தவறாமல் பதில் வரும். தபால்காரர் அதை மேற்படி இடத்துக்கு வந்து மேற்படி நபரின் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

போன ஆவணியில், இடிந்த கட்டடங்களைக் கணக்கெடுக்க உத்தரவு வந்தது. ஊராட்சிச் செயலர் அருணா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"இருளாயிக்கா, உலையைச் 'சிதிலமடைந்த கட்டடம்'னு பட்டியல்ல சேத்துட்டாங்க. இடிக்கப் போறாங்களாம்."

"அதை இடிச்சா என் வீடு?"

"சேந்து விழுந்துரும்க்கா. பழங்காலச் சின்னம்னு அறிவிக்கச் சொல்லி எழுதிப் போடுவமா?"

"அப்ப வீடு தப்பிச்சிருமா?"

அருணா செல்போனில் சட்டத்தைத் தேடிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "சின்னத்தைச் சுத்தி நூறு மீட்டருக்கு வீடே இருக்கக் கூடாதாம்க்கா."

"உலை செத்தாலும் நான் போகணும், பொழச்சாலும் நான் போகணும். நல்லாருக்கு ஒங்க சட்டம்!"

குறை சொல்லக் கூடாது. ஓர் ஏழை எந்தச் சந்தில் தப்பிப்பாள் என்று முன்கூட்டியே யோசித்து, இரண்டு பக்கமும் வேலி போட்டு வைக்கிற அக்கறை வேறு எந்த நாட்டில் உண்டு?

ஆய்வுக் குழுத் தலைவர் அருள்தாஸ் நேரில் வருவதாகத் தகவல் வந்தது. மேலிடத்து ஆள் வந்தால் ஊர் செய்வதைக் கிட்டமேடும் செய்தது. ரோட்டின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரில் கோடு போட்டார்கள். நூறு நாள் வேலை ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு இறங்கி, தண்ணித் தொட்டி, புளியமரத்தடி, மைல்கல் என்று அசையாமல் நின்ற எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார்கள். இருளாயியும் அந்த வேலைக்குப் போகிறவள்தான். மீந்த சுண்ணாம்பைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்தது. சிதிலம் என்றால்தானே இடிப்பார்கள்? இரண்டு நாள் ஏணியில் நின்று விரிசலையெல்லாம் அடைத்து, உலைக்கும் வெள்ளையடித்து, அடியில் காவிப் பட்டையும் இழுத்துவிட்டாள்.

அருள்தாஸ் ஜீப்பிலிருந்து இறங்கி, வெயிலில் பளபளத்த உலையைக் கண்கூச அண்ணாந்து பார்த்தார்.

"இது எப்பக் கட்டுனது?"

"வெள்ளைக்காரன் காலத்துலங்கய்யா" என்றாள் இருளாயி.

"பாத்தா போன வாரம் கட்டுன மாதிரில்ல இருக்கு?"

"வெள்ளையடிச்சது முந்தாநாளுங்கய்யா. கட்டுனது அன்னைக்கு."

"இந்த வேலையெல்லாம் பாத்தது யாரு?"

"நாந்தாங்கய்யா. ஒத்தையாளா."

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறதுக்கு என்னங்கய்யா? இந்தா பாருங்க, கையெல்லாம் வெந்து கெடக்கு."

அருள்தாஸ் குறித்துக்கொண்டார். இளநீர் குடித்தார். போனார்.

முடிவு வந்தது. உலை சிதிலமடையவில்லை, பழங்காலச் சின்னமும் இல்லை. இரண்டு கண்டமும் நீங்கியது என்று இருளாயி கருப்பருக்குச் சேவல் அறுத்தாள். அந்தக் குழம்பு ஆறுவதற்குள் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. அருணா படித்துக் காட்டினாள்.

"கிட்டமேடு, கதவு எண் 3/47, சின்னழகு மனைவி இருளாயி ஆகிய நீங்கள், அரசுப் புறம்போக்கில் உரிய அனுமதியின்றி இரும்பு உலை ஒன்றைப் புதிதாகக் கட்டியுள்ளது தங்கள் ஒப்புதல் வாக்குமூலத்தால் உறுதியாகிறது. ஏழு நாட்களுக்குள் உலையையும் அதை ஒட்டிய வீட்டையும் அகற்றிக்கொள்ளவும்."

அருணாவுக்கு அழுகை வந்துவிட்டது. இருளாயி அழவில்லை.

"மொத வரிய இன்னொருக்காப் படி. எம் பேரு, அவுக பேரு, கதவு நம்பரு, எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்குக்கா."

"முத்திரை?"

"குத்தியிருக்கு."

"அப்ப நான் இங்கிட்டு இருக்கேன்னு கவருமெண்டே எழுதிக் குடுத்துருச்சு!"

அன்றைக்கே நோட்டீஸை ஜெராக்ஸ் எடுத்து, இருபத்துமூன்றாவது மனுவோடு சேர்த்துப் பட்டா கேட்டு அனுப்பினாள். நிர்வாகத்தின் வேகத்தை மெச்ச வேண்டும். ஆறாம் நாளே பதில் வந்துவிட்டது: "மேற்படி இடத்தில் மேற்படி நபர் குடியிருப்பதாகப் பதிவேடுகளில் இல்லை."

ஏழாம் நாள் காலை ஜேசிபி வந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே அவள் வாசலில் வந்து நின்றது.

துரை ஆயிரம்தான் கெட்டிக்காரராக இருக்கட்டும், நமக்கு உறை போடக் காணமாட்டார். உலை கெட்டதற்கு மட்டுமே அவர் அந்தக் குடும்பத்தின் மேல் பழி போட்டார்; நாம், உலை இருந்ததற்கே போட்டுவிட்டோம்.