கண்மை வைத்த தோசைகள்

பயந்த சுபாவக்காரர்கள் ஒரு காரியத்துக்கு இரண்டு முறை தயாராவார்கள். நான் ஆறு முறை தயாராவேன். அதனாலேயே கெடுத்தும் வைப்பேன்.

குழந்தை பிறந்து இரண்டு வருடம் வீட்டிலிருந்த பிறகு, சர்வர்களுக்கான பிராசஸர் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் வீடியோ நேர்முகத் தேர்வு. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய வேலை. இது கைவிட்டுப் போனால் தென்காசியில் உட்கார்ந்தபடி இன்னொன்று கிடைக்காது. சிப்லெட் எதற்கு என்று எல்லோருக்கும் புரியும்படி ஐந்து நிமிடம் விளக்க வேண்டும்.

விஷயம் எளிது. ஒரே பெரிய சிப்பாகச் செய்தால், தயாரிப்பில் ஒரு தூசி விழுந்தாலும் முழுசும் வீண். சிப்லெட் என்ற சின்னத் துண்டுகளாகச் செய்து, சோதித்து, நல்லதை மட்டும் இணைத்தால் நஷ்டம் குறைவு. இதை இவ்வளவு எளிதாகச் சொன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ? (எளிதாகச் சொல்லாவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது.)

கடைசியில் தோசை சுட்டேன். ஒரே அளவு மாவில் ஒரு பெரிய தோசை, எட்டுக் குட்டித் தோசைகள். தூசிக்குப் பதிலாகக் குழந்தையின் கண்மை: பெரியதில் மூன்று பொட்டு, குட்டிகளில் மூன்றுக்கு ஒவ்வொரு பொட்டு. பெரியது அவுட், குட்டிகளில் ஐந்து பாஸ். தட்டை மூடி வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

அது சாரல் சமயம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, கணவரின் சித்தி குடும்பம் கொலைப்பசியோடு வந்து இறங்கியது எனக்குத் தெரியாது.

"இந்த எட்டில் நல்ல குட்டிகளைப் பாருங்கள்" என்று கேமரா முன் மூடியைத் திறந்தேன். பெரிய தோசை இருந்தது. குட்டிகள் மூன்று. மூன்றிலும் மை.

"எட்டுல எத்தனை நல்லது, மேடம்?" என்றார் தேர்வாளர்.

"சைபர், சார்."

தலையில் ஈரத்துண்டோடு சித்தி பின்னால் வந்து நின்றாள். "ஏட்டி, நல்லது அஞ்சையும் நாங்க தின்னுட்டோம்லா. மை பட்டதை யாரு தின்பா?"

"பெரிய தோசையை ஏம்மா விட்டுட்டீங்க?" தேர்வாளர் சித்தியிடமே கேட்டார்.

"அது ஒத்தத் தோசைல்லா அண்ணாச்சி! மை பட்டா முழுசும் போச்சு. சின்னதுன்னா கெட்டதை ஒதுக்கிட்டு நல்லதைப் பொறுக்கிக்கிடலாம்."

அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது. "மேடம், இதுக்கு மேல விளக்க வேண்டாம்."

வேலை கிடைத்தது. அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்கு இன்றும் சந்தேகம். சித்திக்குச் சந்தேகமே இல்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் என்னைக் கைகாட்டிச் சொல்லிவிடுகிறாள்:

"இவளுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நாங்கதான். கஷ்டப்பட்டு அஞ்சு தோசை தின்னோம்!"