பத்துக்குப் பன்னிரண்டு

"மழையில நனைஞ்ச நாயை மோந்து பாத்த மாதிரி இருக்கு" என்று பீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான் மர்ரே.

"மாதிரியெல்லாம் வேண்டாம். பத்துக்கு எத்தனை, அதைச் சொல்லு" என்று பென்சிலோடு நின்றாள் அவன் மனைவி ரேவின்.

"நனைஞ்ச நாய்க்கு எத்தனை போடறது?"

ரேவின் நியூசிலாந்தின் நெல்சன் நகரில் ஒரு மீன் ஆலையில் முப்பது வருஷம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவள். ஓய்வு பெற்று மோட்டுவேக்காவுக்குக் குடிவந்ததும், ஊரைச் சுற்றிலும் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடித் தோட்டமாக இருக்கிறதே என்று பீர் காய்ச்ச ஆரம்பித்தாள். போன வருஷக் கண்காட்சிப் போட்டியில் அவள் பீருக்கு நடுவர் எழுதிய மொத்தக் குறிப்பு: 'திரவமாக இருக்கிறது.'

அந்த ஒரு வரியில் அவளுக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று.

இந்த வருஷம் ஆலை முறைப்படி. ஒவ்வொரு ஈடு பீருக்கும் செய்முறையில் ஒரே ஒரு மாற்றம். மார்க் ஏறினால் மாற்றம் நிலைக்கும், இறங்கினால் போகும். துணி துவைக்கும் அறையில் பீப்பாய், சுவரில் மார்க் குறிக்கும் வரைபடம். வாஷிங் மெஷின் வராந்தாவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

"இந்தத் தடவையும் பரிசு ஒண்ணும் கிடைக்கலைன்னா அறை எனக்கு. நீ பீப்பாயைத் தொடவே கூடாது" என்றான் மர்ரே.

"சரி. ஆனா இனிமே நீ ருசி பாக்க வேண்டாம். உனக்கு அறை மேல கண்ணு. பாரபட்சம்!"

பாரபட்சம் இல்லாத ஆளாகப் பக்கத்து வீட்டு விலியாமி கிடைத்தார். டோங்கா தீவுக்காரர். ஆப்பிள் கிடங்கில் வேலை. அதிகம் பேசமாட்டார், பொய் பேசவே மாட்டார். ரேவின் வேலிக்கு மேலாக இரண்டு பாட்டிலை நீட்டினாள்.

"நாளைக்கு ஒரு நம்பர் மட்டும் எழுதிக் கொடுங்க. தயவு தாட்சண்யம் பாக்காதீங்க."

விலியாமி பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்க" என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சீட்டு வந்தது: 3.

"இதுதான் நேர்மை!" என்று வரைபடத்தில் முதல் புள்ளி வைத்தாள்.

குளிரில் சரியாகப் புளிக்கவில்லை போலும் என்று அடுத்த ஈட்டுக்கு மர்ரேயின் மின்சாரப் போர்வையை உருவிப் பீப்பாய்க்குச் சுற்றினாள். சீட்டு: 5. மர்ரே இரண்டு ஸ்வெட்டரோடு படுத்தான்.

அதற்கடுத்து ஈஸ்டை இரட்டிப்பாக்கினாள். மூன்று பாட்டில்கள் வெடித்து, மர்ரேயின் கல்யாணக் கோட்டு முழுக்க நுரை. சீட்டு: 8.

"வெடிக்குது, ரேவின்!"

"வெடிக்கட்டும். மார்க் ஏறுது பார்!"

கசப்பைக் குறைக்க ஹாப்ஸைப் பாதியாக்கினாள். 9. கடைசியாக வடிகட்டுவதையே விட்டாள். ஊற்றும்போது பீர் இட்லி மாவு போலக் கொழகொழத்தது. மர்ரே திருட்டுத்தனமாக ஒரு வாய் குடித்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினான்.

சீட்டு: 12.

"பத்துக்கு எப்படிப் பன்னிரண்டு வரும்?" என்றான் வாயைத் துடைத்தபடி.

"மனுஷன் அவ்வளவு ரசிச்சிருக்கார்! உனக்கு நாக்கு செத்துப்போச்சு, அதுக்கு நான் என்ன பண்ண?" வரைபடத்தில் இடமில்லாமல் மேலே இன்னொரு தாள் ஒட்டினாள்.

கண்காட்சியில் நடுவர்கள் மூன்று பேர். முதலாமவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாமவர் அவரைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். மூன்றாமவர் குறிப்பில், 'வீட்டில் எல்லோரும் நலமா?' என்று எழுதினார்.

வீடு திரும்பியபோது மர்ரே கேலி செய்யவில்லை. மெஷினைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். அதுதான் ரேவினுக்குத் தாங்கவில்லை. வரைபடத்தைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு நேராக அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

விலியாமி வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி சலோத்தே வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் எனக்குப் பொய் மார்க் போட்டுட்டார்!" ரேவின் தாளை நீட்டினாள். "பாருங்க, பன்னிரண்டாம்! ஒரு நடுவராலகூட முழுங்க முடியல!"

சலோத்தே தாளை வாங்கி ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பொய்யா? அவரா? நீங்க ஆசையா கொடுக்கறப்போ, தான் பீரே தொடறதில்லைன்னு சொல்ல அவருக்கு மனசு வரல. அதான் கிண்ணத்துல ஊத்தி முட்டைக்கோஸ் பாத்தியில வெச்சு, விடிஞ்சதும் பீர் வாசத்துக்கு வந்து உள்ள விழுந்து செத்துக் கிடக்கற நத்தைய ஒண்ணு விடாம எண்ணித்தான் எழுதினாருங்க!"