உட்கார இடம் தேடி நடந்தவன்

இனிமேல் தினமும் நடப்பேன் என்று டாக்டரம்மா முன்னால் சபதம் செய்தேன். நானாகச் செய்யவில்லை. பக்கத்தில் இருந்த மனைவி பார்த்த பார்வையில் வாய் தானாகச் செய்துவிட்டது.

காலமெல்லாம் ரயில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே அனுப்பி வைத்தவன் நான். நான் மட்டும் எங்கும் போனதில்லை. இப்போது நாலு வீடு தாண்டினாலே கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது.

"காலுக்கு ரத்தம் சரியாப் போகலை. வலி வர்ற வரைக்கும் நடங்க. நில்லுங்க. வலி விட்டதும் மறுபடி நடங்க. போகப் போகத் தூரம் கூடும். விட்டுட்டா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்," என்றார் டாக்டரம்மா.

"வலிக்குதுன்னு வந்தா, வலிக்கிற வரைக்கும் நடக்கச் சொல்றாங்க. இது நடக்கிற காரியமா?" என்றேன், வெளியே வந்து.

"நடக்கிற காரியம்தாங்க. அதனாலதானே நடக்கச் சொல்றாங்க," என்றாள் அவள்.

யோசித்தேன். டாக்டரம்மா சொன்னதில் 'நில்லுங்க' என்று ஒரு வார்த்தை இருந்தது. அதை மட்டும் உயிரைக் கொடுத்துக் கடைப்பிடிப்பது என்று முடிவு செய்தேன். தெருமுனைத் தையல் கடையில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். பிறகு குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு, புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கியபடி வீடு திரும்புவேன்.

"ஐயோ, எவ்வளவு வேர்வை!" என்று துண்டை நீட்டுவாள். நான் துடைத்துக் கொடுத்த துண்டை முகர்ந்தும் பார்ப்பாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் தையல்காரர், "ஸ்டூல் உடைஞ்சுபோச்சு சார்," என்றார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தபடி.

இன்னும் கொஞ்சம் நடந்து சலூனுக்குப் போனேன்.

"முடி வெட்டிக்கிறவங்களுக்குத்தான் சார் நாற்காலி," என்றவர், என் தலையைப் பார்த்தார். வெட்ட அங்கே என்ன இருக்கிறது? மேலும் நடந்தேன். இஸ்திரிக் கடைக்காரர் என்னைக் கண்டதும் பெஞ்சு முழுக்கத் துணியைப் பரப்பினார்.

வாரங்கள் ஓடின. நான்தான் நடந்தேன். கால் பிடித்தால் நிற்பேன், விட்டதும் கிளம்புவேன். உட்கார இடம் வேண்டுமே!

கடைசியில், என்னைத் தெரிந்தவர் யாருமே இல்லாத ஒரு பூங்காவைக் கண்டுபிடித்தேன். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் நிறுத்தத்தை ஒட்டி. மரத்தடியில் அருமையான பெஞ்சு. பெஞ்சில் என் மனைவி.

"வாங்க, இந்த வாரம் வந்துடுவீங்கன்னு நினைச்சேன்," என்றாள்.

"நீ எப்படி இங்கே?"

"கடைக்காரங்க எல்லார்கிட்டேயும், இவரை உட்கார விடாதீங்கன்னு சொல்லி வெச்சது நான்தான். அதுக்கப்புறம் உங்களுக்கு இந்த பெஞ்சை விட்டா வேற நாதி ஏது?"

கோபம் வரவேண்டிய இடம். ஆனால் கால் இருக்கிற இடமே தெரியவில்லை. நாலு வீட்டுக்கே கவ்விய கால், பெரிய சாலை வரை வாயைத் திறக்கவில்லை! எனக்கே பெருமையாக இருந்தது.

"சரி சரி, இவ்வளவு தூரம் நடந்தவனுக்கு நகர்ந்து கொஞ்சம் இடம் கொடு," என்றேன்.

அவள் நகரவில்லை. எழுந்தே விட்டாள்.

"தாராளமா உட்காருங்க. களைப்பு ஆறினதும் அப்படியே வீட்டுக்கு நடந்து வந்துடுங்க. எனக்கு பஸ் வந்துடுச்சு."